சாதக பாதகக் குழு

தெற்கு மாசி வீதியில் பட்டனும் ஊக்கும் லேஸும் விற்கும் ஜுல்பிகர், பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கியபோது கடைத்தெருவில் எல்லோரும் அவர் தொழில் மாறுகிறார் என்றே நினைத்தார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

அவர் மனைவி முபீனாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போயிற்று. அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம். வீட்டுக்குள் அது ஒரு குறையே இல்லை. மகள் நிலோபரைக் கீழக்கரையில் பேசி முடித்து, பூ வைக்கப் போன அன்றுதான் அது வெளியே வந்தது. மானாமதுரையில் கட்டணக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. பரமக்குடி வரை அடக்கிப் பார்த்தாள். பஸ் நிற்கவில்லை. ஈர புர்காவோடு சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கினாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வீடு இருக்கும் காஜிமார் தெருவைத் தாண்டவில்லை. மகள் கல்யாணமும் இதனால்தான் மதுரையிலேயே நடந்தது.

நிலோபருக்கு ஐந்தாம் மாதம் என்று செய்தி வந்த அன்று முபீனா சந்தோஷமாகச் சிரித்தாள். பிறகு, "பிரசவத்துக்கு நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேருந்தே துஆ செய்றேன்" என்றாள். மறுவாரம் ஜுல்பிகர் வேன் பார்க்கப் போனார்.

வேனுக்குள் ஒரு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, கடைசியில் ஒரு தடுப்பு, தடுப்புக்குள் மக்கும் கழிப்பறை. தண்ணீர் வேண்டாம். முன்னால் விழுவது ஒரு கேனுக்குப் போகும். பின்னால் விழுவது தேங்காய் நார்த்தூளில் போகும். பக்கத்திலுள்ள கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினால் நார்த்தூளோடு கலந்துவிடும். சின்ன விசிறி ஒன்று கூரைக் குழாய் வழியாகக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நாற்றம் வராது. முபீனா தெருவில் நின்ற வண்டியில் ஏறி, உள்ளே போய்த் தாழ் போட்டு, திறந்து, மறுபடி தாழ் போட்டுப் பார்த்தாள். "தாழ்ப்பாள் நல்லாருக்கு" என்றாள்.

இனிப் புறப்பட வேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூட வேனாகப் பதிவான வண்டி, படுக்கையும் கழிப்பறையும் உள்ள வண்டியாக ஆக வேண்டுமானால் ஒரு சான்று வேண்டும் என்றார்கள். அதைக் கொடுக்கத் திருநகருக்கு அப்பால் ஓர் அலுவலகம் புதிதாகத் திறந்திருந்தது. நகர்வசதி ஊர்திகள் தரநிர்ணய ஆணையம் என்று அதற்குப் பெயர். மூன்று மாடி, கண்ணாடி முகப்பு, வாசலில் காவலர் சின்னக்கருப்பன். ஆணையம் தொடங்கியதிலிருந்து அங்கே வந்த முதல் ஊர்தி ஜுல்பிகருடையது. சின்னக்கருப்பன் அதை உள்ளே விடலாமா என்று மாடிக்குப் போய்க் கேட்டு வந்தார்.

தொழில்நுட்ப அலுவலர் விக்ரம் இளைஞர், கழுத்தில் அடையாள அட்டை. வண்டிக்குள் ஏறி, கழிப்பறையின் மூடியை ஒரு பேனாவால் தூக்கிப் பார்த்தார்.

"இதுல தண்ணி எங்க போகுது?"

"தண்ணியே கெடையாது சார்."

"அப்ப இது கழிப்பறை கெடையாது. எங்க வரையறைப்படி கழிப்பறைன்னா, தண்ணி ஊத்தி அடுத்த எடத்துக்கு அனுப்புறது."

"அடுத்த எடம்னா எங்க சார்?"

"அது வேற துறை."

ஜுல்பிகர் தலையாட்டினார். வரையறையில் இல்லாத பொருள் என்பதால் அதை ஆராயக் குழு ஒன்று அமைக்க வேண்டியிருந்தது. 'நகர்வசதி ஊர்திகளில் மக்கும் கழிப்பறைகளின் சாதக பாதகங்களை ஆராயும் உயர்மட்டக் குழு.' குழு கூடும்வரை ஆய்வுப் பொருள் வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, பின் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். ஜுல்பிகர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

"எப்ப தருவாங்களாம்?" என்றாள் முபீனா.

"குழு போட்டுருக்காங்க."

"குழுவா? எதுக்கு?"

"நல்லதா கெட்டதான்னு பாக்க."

முபீனா எழுந்து கழிப்பறைக்குப் போனாள்.

முதல் கூட்டத்துக்கு ஜுல்பிகரையும் அழைத்தார்கள். பேச அல்ல, பதில் சொல்ல வேண்டி வந்தால் சொல்ல. ஆணையர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த குரல், எதையும் முழுதாகப் பார்க்காத கண்கள்.

"இந்த ஆணையத்தின் தலையாய கொள்கை நிதானம்" என்று தொடங்கினார். "என் பணிக்காலம் முழுவதிலும் நான் எந்த முடிவையும் அவசரப்பட்டு எடுத்ததில்லை. சொல்லப்போனால் எந்த முடிவையுமே எடுத்ததில்லை. அதனால்தான் இன்றுவரை என்மீது ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. உறுப்பினர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளலாம்."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

சுகாதாரத்துக்கான உறுப்பினர் எழுந்தார். அது மக்குவதற்கு முன்பு கழிவு. கழிவு ஏற்றிய வண்டியில் படுக்கை இருக்கக் கூடாது என்றார். வேளாண்மைக்கான உறுப்பினர் எழுந்தார். மக்கிய பின்பு அது உரம். உரம் ஏற்றிய வண்டியில் பயணிகள் இருக்கக் கூடாது என்றார். அப்படியானால் கழிவு எந்த நிமிடத்தில் உரமாகிறது என்ற கேள்வி வந்தது. ஓடுகிற வண்டியில் அந்த நிமிடம் வரும்போது வண்டி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்துக்கே அது சொந்தம் என்று ஒருவர் சொன்னார். அப்படியில்லை, புறப்பட்ட மாவட்டத்துக்கே சொந்தம் என்று இன்னொருவர் சொன்னார். மதியச் சாப்பாடு வரை இது நடந்தது.

ஆணையர் ஜுல்பிகரைப் பார்த்தார். "மக்கும், மக்கும் என்கிறீர்கள். எங்கள் கோப்புகளும்தான் மக்குகின்றன. அதற்காக நாங்கள் விசிறி வைத்திருக்கிறோமா?"

"இல்ல சார்" என்றார் ஜுல்பிகர்.

"குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆணையர்.

இரண்டாம் கூட்டத்துக்குள் நிலோபருக்கு ஏழாம் மாதம் ஆகியிருந்தது. வளைகாப்புப் படத்தைப் போனில் அனுப்பினாள். முபீனா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில்தான் மாதிரி வேண்டும் என்று முடிவாயிற்று. உபயோகிக்காத கழிப்பறையின் சாதக பாதகங்களை எப்படி அறிவது? அதே சமயம் விண்ணப்பதாரரோ அவர் குடும்பத்தாரோ உபயோகித்தால் அது ஒருதலைப்பட்சம். நடுநிலையாளர் ஒருவர் உபயோகிக்க வேண்டும்.

யார் அந்த நடுநிலையாளர் என்றதும் சுகாதார உறுப்பினர் வேளாண்மை உறுப்பினரைப் பார்த்தார். வேளாண்மை உறுப்பினர் ஜன்னலைப் பார்த்தார். அப்போது ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் சரண்யாதேவி பேனாவை மூடினார்.

"நான் நடுநிலைதான் சார்."

அந்தக் கட்டடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாடியிலும் பளிங்குக் கழிப்பறைகள் இருந்தன. தண்ணீர் மோட்டார் யார் பொறுப்பு என்று தீர்மானமாகாததால் எதிலும் தண்ணீர் ஏறியதில்லை. பெண்கள் கழிப்பறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஆணையர் காரில் திருநகர் வரை போய்த் தெரிந்தவர் வீட்டில் முடித்துவிட்டு வருவார். ஆண் ஊழியர்களுக்குச் சுற்றுச்சுவருக்கு வெளியே பொட்டல். பெண்கள் காலையில் வீட்டில் காபியோடு நிறுத்திக்கொண்டு, சாயங்காலம் வீட்டில்தான் தண்ணீர் குடித்தார்கள். சரண்யாதேவிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டாயிற்று.

சரண்யாதேவி வேனுக்குள் போனார். குழு ஜன்னலோரம் நின்று கவனித்தது. வெளியே வந்தபோது அவர் முகத்தை ஜுல்பிகர் அருகிலிருந்து பார்த்தார். தலைச்சுமையை இறக்கி வைத்தவரின் முகம் அது.

"எப்படி?" என்றார் ஆணையர் மேலிருந்து.

"இன்னும் சில நாள் பாத்துத்தான் சார் சொல்ல முடியும்" என்றார் சரண்யாதேவி.

மறுநாள் மூன்று பெண்கள் தாங்களும் நடுநிலை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரத்துக்குள் ஆணையம் முழுவதும் நடுநிலையாயிற்று. வண்டி வாசலில் வரிசை நின்றது. வரிசையில் சச்சரவு வந்ததால் டோக்கன் வந்தது. பதவி வாரியாக டோக்கனுக்கு நிறம் வந்தது. விசிறி நிற்கக் கூடாது என்று மாடியிலிருந்து ஒயர் இழுத்து வண்டியின் பேட்டரிக்குக் கொடுத்தார்கள். ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டார்கள்.

நார்த்தூள் தீர்ந்ததும் ஜுல்பிகருக்குப் போன் வந்தது. ஆய்வு நடக்கும் காலத்தில் ஊர்தியை உபயோகத்துக்குத் தகுதியான நிலையில் பராமரிப்பது விண்ணப்பதாரரின் கடமை என்றார் விக்ரம்.

"அதாவது?"

"தூள் கொண்டாங்க சார். கேனும் ரொம்பிருச்சு."

ஜுல்பிகர் கடையை எதிர்க்கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, மூட்டையோடு பஸ் ஏறினார். கேனைக் கொண்டுபோய்ப் பொட்டலில் ஊற்றினார். வாங்கி வந்த ஒரு கேன் தண்ணீரும் பினாயிலும் விட்டுக் கழுவினார். மக்கியதைச் சுவரோரம் குழி வெட்டிப் போட்டார். முதல் தடவை குமட்டியது. அடுத்த தடவை குமட்டவில்லை. அதற்கடுத்த தடவைகளில் அவருக்கு எதுவுமே தோன்றவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார், கேனைத் தூக்கினார், தூளைக் கொட்டினார், கைப்பிடியைச் சுற்றினார், கையைக் கழுவினார், போனார். வரிசையில் நிற்பவர்கள் அவரைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினார்கள். வண்டி நாறவில்லை. ஆனால் அவரைப் பார்த்தால் பொத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளும் இடம் எங்கோ உள்ளே மரத்துப் போயிருந்தது.

நிலோபருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜுல்பிகர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "யார் சாயல்?" என்று முபீனா கேட்டாள். "குழந்தை சாயல்" என்றார்.

மூன்றாம் கூட்டம் ஆணையரின் பிரச்சினையைப் பற்றியது. அவரும் இப்போது திருநகர் போவதில்லை. பதினொரு மணித் தேநீருக்குப் பின் அரை மணி நேரம் வண்டி அவருக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அந்தக் கழிப்பறையில் ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும். நின்றால் முன்னுக்கும் பின்னுக்கும் பிரியாமல் எல்லாம் கலந்து நாறிவிடும். இதை ஜுல்பிகர் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்.

"ஒரு பொருள் என்னை உட்காரச் சொல்கிறது" என்றார் ஆணையர். "நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த அதிகாரத்தின் கீழ் சொல்கிறது? எனக்கு மேலதிகாரிகள் சென்னையில்தான் இருக்கிறார்கள். அவர்கள்கூட என்னை நிற்கத்தான் வைத்திருக்கிறார்களே தவிர, இதுவரை உட்காரச் சொன்னதில்லை."

சுற்றறிக்கை ஒன்று தயாராயிற்று. ஆணையர் உட்காருவது பணிவினால் அல்ல, ஆய்வின் நிமித்தமே என்று அதில் தெளிவாக்கப்பட்டது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ஜுல்பிகர் எழுந்து, "சார், சான்று?" என்றார்.

ஆணையர் அவரை அன்போடு பார்த்தார். "தம்பி, இது நல்லதா கெட்டதா என்று நாங்கள் தினமும் பாடுபட்டு ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். நீங்களே பார்க்கிறீர்கள். ஒரு நாளாவது ஓய்ந்திருக்கிறோமா?"

குழந்தைக்குப் பல் முளைத்தது. நிலோபர் வீடியோவில் காட்டினாள். பிறகு தவழ்ந்தது. பிறகு சுவரைப் பிடித்து நின்றது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது முபீனா கேட்டாள். "ஏங்க, உங்க மேல எப்பப் பாத்தாலும் பினாயில் வாடை அடிக்குது. கடையில என்ன பண்றீங்க?"

ஜுல்பிகர் சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நடுநிலையாளர்கள், டோக்கன், கேன், குழி. கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். முபீனா கடைசி வரை கேட்டாள்.

"எத்தன பேர் போறாங்க?"

"ஆபீஸ் அம்புட்டும்."

"பொம்பளைங்களும்?"

"அவுகதான் மொதல்ல."

முபீனா தட்டை ஒதுக்கி வைத்தாள். அந்தப் பெண்கள்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை என்பது ஜுல்பிகருக்குத் தெரிந்தது. பிறகு, "எனக்குன்னு கட்டுன வண்டியில ஊரே போகுது. நான் மட்டும் போகல" என்றாள். அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

குழுவின் இறுதிக் கூட்டம் என்று அறிவிக்கப்பட்ட நாள் வந்தது. ஜுல்பிகரைக் கூட்ட அறைக்கு வெளியே வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே ஆணையர் முடிவுரை நிகழ்த்துவது கதவு வழியாகக் கேட்டது.

"சாதகங்கள் பல. தண்ணீர் தேவையில்லை, நாற்றம் இல்லை, மோட்டார் யார் பொறுப்பு என்ற சிக்கல் இல்லை. பாதகம் ஒன்றே ஒன்றுதான். இது ஒரு வண்டியில் இருக்கிறது. வண்டி என்பது எந்நேரமும் போய்விடக்கூடியது. ஆகவே சக்கரங்களை நீக்கிவிட்டால் இந்தக் கழிப்பறை முற்றிலும் பாதுகாப்பானது என்று இந்தக் குழு கருதுகிறது."

மேசை தட்டும் ஓசை கேட்டது. ஜுல்பிகர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முபீனா இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. முந்தின நாள் இரவிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திருக்கவில்லை என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் படியிறங்கி ஓடினார். அதற்குள் அவள் வரிசைக்கு வந்துவிட்டாள். முகம் வெளிறி, உதடு காய்ந்து, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்திருந்தாள்.

"டோக்கன்?" என்றார் வரிசையில் இருந்த ஒருவர்.

முன்னால் நின்ற சரண்யாதேவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் தோளைப் பிடித்து முக்காலியில் ஏற்றி விட்டார். கதவு சாத்தி, தாழ் விழும் சத்தம் கேட்டது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. வரிசை முணுமுணுத்தது. ஜுல்பிகர் பக்கவாட்டு ஜன்னலைத் தட்டினார்.

"முபீனா? முடியலையா?"

"முடிஞ்சிருச்சு. கட்டில்ல உக்காந்திருக்கேன்."

"வெளிய வா. ஆளுக நிக்கிறாங்க."

"நான் வாரதா இல்ல. வண்டிய எடுங்க."

"எங்க?"

"எங்க போகக் கட்டுனீங்களோ அங்க."

ஜுல்பிகர் சட்டைப் பையைத் தொட்டார். சாவி அங்கேதான் இருந்தது. இத்தனை மாதமும் அங்கேதான் இருந்திருக்கிறது. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சரண்யாதேவியைப் பார்த்தார். சரண்யாதேவி மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, சக்கரத்துக்குக் கொடுத்திருந்த செங்கலைக் காலால் தள்ளினார். ஒயரைப் பிடுங்கினார். முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

"போங்கண்ணே" என்றார். "எங்களுக்கு என்ன, மறுபடி தண்ணி குடிக்காம இருந்துக்குவோம்."

வண்டி கிளம்பிற்று. வண்டிக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஆணையர் இருக்கக்கூடும் என்பதால், அதைப் பார்த்ததும் விறைப்பாக நின்றே பழகியிருந்த சின்னக்கருப்பன், பதற்றத்தோடு கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தார்.

சுற்றுச்சாலை ஏறி மானாமதுரை தாண்டினார்கள். வெயிலில் கருவேலங்காடு பின்னால் ஓடியது. முபீனா கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று முழுவதும் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை ஜுல்பிகர் கண்ணாடியில் பார்த்தார். பஸ்ஸிலோ காரிலோ அவள் இப்படிக் குடித்து அவர் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. பரமக்குடிக்கு முன்னால், "ஓரமா நிறுத்துங்க. ஆட்டத்துல உக்கார முடியல" என்றாள். நிறுத்தினார். இறங்கி நின்றார். போன் அடித்தது. விக்ரம்.

"சார், வண்டி எங்க? ஆணையர் டீ குடிச்சிட்டு எறங்கி வந்து நிக்கிறாரு."

ஜுல்பிகர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"உள்ள ஆள் இருக்கு சார்."

"எப்ப வருவாங்க?"

"தெரியல சார்."

பழக்க தோஷத்தில், "சரி, வெயிட் பண்றோம்" என்று விக்ரம் போனை வைத்தார்.

அதன்பிறகு ஆணையத்திலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. வண்டி காணவில்லை என்று புகார் எழுத வேண்டுமானால் அதைத் தாங்கள் எதற்கு வைத்திருந்தோம் என்று முதலில் எழுத வேண்டும். அதை எந்தப் பதவியில் உள்ளவர் எழுதுவது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்திருப்பதாக ஜுல்பிகர் பின்னால் கேள்விப்பட்டார்.

அன்று பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் கீழக்கரை போய்ச் சேர்ந்தார்கள். நிலோபர் வாசலில் வந்து நின்று, அம்மாவைப் பார்த்துவிட்டு, ஓடிவராமல் அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேரன் தத்தித் தத்தி நடந்து வந்து முபீனாவின் புர்கா நுனியைப் பிடித்தான். புர்கா காய்ந்திருந்தது. சம்பந்தி சபியா, "வாங்க, வாங்க" என்று முபீனாவை அணைத்தவள், அவள் தோளுக்கு மேலாக வண்டியையே பார்த்தாள். அன்று மாலை அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முபீனா கைப்பிடியைச் சுற்றிக் காட்டினாள். ஜுல்பிகர் ஒரு மூலையில் படுத்துத் தூங்கிப் போனார்.

காலையில் கேனைக் கழுவலாம் என்று வெளியே வந்தார். கேன் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்தது. வண்டிக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் சபியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிலோபரின் எதிர்வீட்டுப் பெண்கள் இருவர். மூவர் மடியிலும் பை. மூவரும் நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். முன் சீட்டில் முபீனா இருந்தாள்.

ஜுல்பிகர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க போகணும் சம்பந்தி?"

சபியா பையை மடியில் சரி செய்துகொண்டாள்.

"அத நாங்க இன்னும் முடிவு பண்ணல. நீங்க மொதல்ல எடுங்க."